பொழிமுகம் – அத்தியாயம் 14: லாரி ஏறிய வள்ளங்கள்

சென்ற வாரம் பூந்துறைக் கரையில் நிறுத்தினோம். ஓகி புயல் அடித்துப் போயிருந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. கப்பல் வரும், ஹெலிகாப்டர் வரும் என்று பார்த்துக் கண் பூத்துப்போன மீனவர்கள், இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று சொந்த வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு தேடக் கிளம்பினார்கள்.

தேடலின் முடிவு உங்களுக்குத் தெரியும். பூந்துறை, விழிஞ்ஞம், பூவார், பொழியூர், தமிழக எல்லை தாண்டினால் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை என்று ஒரு ஊர் பாக்கியில்லாமல் அழுதது. 2017 டிசம்பர் 3ஆம் தேதி விழிஞ்ஞத்துக்கு வந்த முதல்வர் பினராயி விஜயனை மக்கள் மறித்துக்கொண்டார்கள். தம் காரை விட்டுவிட்டு வேறு காரில் ஏறித்தான் அவரால் வெளியே போக முடிந்தது. அந்தக் கோபத்தை மறந்துவிடாதீர்கள். இன்னும் ஒன்பது மாதத்தில் அதே முதல்வர், அதே மீனவர்களைக் கேரளத்தின் ராணுவம் என்று சொல்லப்போகிறார்.

2018 ஆகஸ்ட் 15. நாட்டுக்குச் சுதந்திர தினம். கடற்கரைக்கு மாதாவின் விண்ணேற்புத் திருநாள். பூவாரில் மழை விடவில்லை. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு இங்கேதான் கடலைச் சேர்கிறது. குறுக்கே மணல்திட்டு, அதை உடைத்தும் மூடியும் விளையாடும் பொழி. சுற்றுலாப் படகுகள் ஓடும் அந்தக் கழிமுகம் செம்மண் நிறத்தில் பொங்கியது. மேலே நெய்யாறு அணையின் மதகுகளைத் தூக்கியிருந்தார்கள்.

ஆனால் பூவாருக்கு வந்தது சின்னத் தண்ணீர். பெரிய தண்ணீர் வடக்கே. 26 ஆண்டுகளாகத் திறக்காத இடுக்கியின் செறுதோணி மதகு ஆகஸ்ட் 9 அன்று திறந்தது. அடுத்த சில நாட்களில் மாநிலத்தின் 54 அணைகளில் 35 திறந்துவிடப்பட்டன. பம்பைக்கு மேலே கக்கி, ஆனத்தோடு அணைகளும் திறந்தன. 15ஆம் தேதி விடியும்போது ராந்நி ஊரின் கடைவீதி ஆறாகியிருந்தது. ராந்நியில் ஏறிய தண்ணீர் ஆறன்முளைக்கு, அங்கிருந்து செங்கன்னூருக்கு, பாண்டநாட்டுக்கு. மாடிவீடுகள் நிறைந்த, பிள்ளைகள் வளைகுடாவிலும் அமெரிக்காவிலுமாக, வயசாளிகள் மட்டும் தங்கியிருக்கும் ஊர்கள். கீழ்த்தளம் முழுகியது. மாடியில் கையில் செல்போனுடன் ஒரு கிழவனும் கிழவியும். பேட்டரியில் எத்தனை கோடு என்பதே அன்று உயிரின் அளவு.

ரப்பர் படகுகளால் அந்த ஓட்டத்தில் எதிர்த்துப் போக முடியவில்லை. ஹெலிகாப்டர்கள் போதவில்லை. கடல் வள்ளம் வேண்டும், அலையில் பழகிய கை வேண்டும். அழைப்பு தெற்கே வந்தது. திருவனந்தபுரத்தின் மாவட்ட ஆட்சியர் அப்போது கே.வாசுகி, நம்ம தமிழ்நாட்டுப் பெண். லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் அன்றைய பேராயர் சூசைபாக்கியம், எல்லைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். அரசும் கேட்டது, மாதா கோயில் ஒலிபெருக்கியும் கேட்டது. இதில் எது முதலில் கேட்டது என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை; எனக்கு அதில் அக்கறையில்லை. ஓகியில் தங்களுக்கு யாரும் வராத வலி, கேட்டவுடன் எழுந்திருக்க வைத்தது என்பதுதான் என் கணிப்பு. பிறர் அப்படி மாடியில் நின்று கத்துவதை இவர்களால் டிவியில் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

வள்ளத்தை லாரியில் ஏற்றுவது எளிதல்ல. ஃபைபர் வள்ளம் லாரித் தட்டைவிட நீளம். பின்பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எஞ்சினைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். பெட்ரோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின், ஆகவே இரண்டுக்கும் கேன். வலை இறங்கியது, கயிறு ஏறியது. இருபது முப்பது பேர் தோள் கொடுத்து மணலில் இழுத்துக்கொண்டு வந்து தூக்கினார்கள். பொழியூர், பூவார், புதியதுறை, விழிஞ்ஞம், பூந்துறை என்று தெற்குக் கரையிலிருந்து டாரஸ் லாரிகள் வடக்கே கிளம்பின. பூவாரிலிருந்து செங்கன்னூர் 130 கிலோமீட்டருக்கு மேல். கொட்டும் மழையில், தேசிய நெடுஞ்சாலையில், கடல் வள்ளங்கள் வரிசையாகப் போனதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

போனவர்கள் யார்? இந்தக் கரையில் பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர். முஸ்லிம் மீனவர்களும் உண்டு. பூவார் இரண்டு பேருக்கும் பழைய ஊர். ஓடி ஒளிந்த மார்த்தாண்டவர்மனுக்கு இங்கே அடைக்கலம் தந்ததாக ஊர் சொல்லும் போக்குமூசா மரைக்காயரின் கதையை ஐந்தாம் அத்தியாயத்தில் பார்த்தோம்.

அதற்காக, இந்தக் கரை காலங்காலமாகக் கைகோத்து நின்ற கரை என்று நான் எழுதினால் என்னை நம்பாதீர்கள். பூவாரிலிருந்து கிளம்பும் பழைய ஏ.வி.எம். கால்வாயின் தடத்தைப் பிடித்துத் தெற்கே போனால் மண்டைக்காடு. 1982 மார்ச் 1 அன்று கோயில் கொடை நேரத்தில் தொடங்கிய மதக்கலவரம், போலீஸ் துப்பாக்கிச்சூடு, ஆறு சாவு. வடக்கே போனால் பூந்துறை. 1992இல் அங்கேயும் ரத்தம். மண்டைக்காட்டில் கல் எறிந்த தலைமுறையின் பேரன்மார் வயதில்தான் இன்று வள்ளத்தில் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்த நினைவோடுதான் அவர்கள் லாரி ஏறினார்கள், அது இல்லாமல் அல்ல.

இன்னொன்று. பாண்டநாட்டில் நாயர் வீடு, ஈழவர் வீடு, தலித் குடியிருப்பு, இவற்றோடு சிரியன் கிறிஸ்தவர் வீடும் ஏராளம். கடற்கரைக் கிறிஸ்தவனும் அவரும் ஒரே வேதம்தான். ஆனால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் கிடையாது. மதத்தைவிடப் பெரிய தூரம் சில சமயம் மதத்துக்குள்ளேயே உண்டு. மீன் வாசம் என்று மூக்கைப் பொத்தியவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 16இல் வள்ளங்கள் செங்கன்னூர்ப் பகுதியில் இறங்கின. கடல் தெரிந்தவர்களுக்கு இந்தத் தண்ணீர் தெரியவில்லை. கடலில் அடியில் பாறை எங்கே என்று தெரியும். இங்கே அடியில் மதில்சுவர், கேட்டு, நின்றுகொண்டிருந்த கார். அணியத்தில் ஒருவர் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சுவர் தட்டினால் பின்னாலிருப்பவர் கண நேரத்தில் எஞ்சினைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விசிறி போயிற்று. தலைக்கு மேலே மின்கம்பி கைக்கு எட்டும் உயரத்தில். ஆற்றோட்டம் குறுக்குச் சந்தில் ஒரு மாதிரி, நெடுஞ்சாலையில் வேறு மாதிரி. நானூறுக்கும் மேற்பட்ட வள்ளங்கள் சேதமடைந்ததாகப் பிறகு கணக்கு வந்தது. ஒரு வள்ளம் என்றால் ஒரு குடும்பத்தின் கடன்.

ஆகஸ்ட் 17, சிங்ஙம் ஒன்று, மலையாளப் புத்தாண்டு. அன்றிரவு செங்கன்னூர் சட்டமன்ற உறுப்பினர் சஜி செறியான் தொலைக்காட்சி நேரலையில் உடைந்து அழுதார். ஹெலிகாப்டர் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் செத்துப்போவார்கள் என்று கெஞ்சினார். ஆளுங்கட்சி உறுப்பினரே இப்படிக் கதறியதும் மாநிலம் திடுக்கிட்டது. மறுநாள் இன்னும் வள்ளங்கள் வந்தன.

வடக்கே மலப்புறத்தில் வேறு காட்சிகள். நிலம்பூர் அருகே அகம்பாடம் பள்ளிவாசலில் 26 குடும்பங்கள் தங்கியிருந்தன. பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள். வேங்கரையில் தானூர்ப் பக்கத்து முஸ்லிம் மீனவர் ஒருவர், ரப்பர் படகில் ஏற முடியாமல் நின்ற பெண்களுக்காகத் தண்ணீரில் குப்புறக் குனிந்து தம் முதுகையே படியாக்கினார். காணொளியை நாடே பார்த்தது.

அரசின் கணக்குப்படி 669 வள்ளங்கள், 4,537 மீனவர்கள், கரையேற்றிய உயிர்கள் சுமார் 65,000. வள்ளத்துக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக முதல்வர் அறிவித்தபோது, கூடப்பிறந்தவனைக் காப்பாற்றக் கூலியா என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று திருவனந்தபுரம் நிசாகந்தி அரங்கில் அவர்களுக்கு விழா எடுத்தார்கள். ஓகியின்போது வராத கேமராக்கள் எல்லாம் அன்று வந்திருந்தன.

இத்தோடு முடித்திருந்தால் அழகான கதை. ஆனால் கேமராவுக்கு எட்டாத ஒரு வீடு இருக்கிறது. கொல்லத்து மீனவர் ஒருவர் பிறகு செய்தியாளர்களிடம் சொன்னது இது. வெள்ளம் சூழ்ந்த ஒரு பிராமண வீட்டை அவருடைய வள்ளம் நெருங்கியது. உள்ளே பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தைப் பார்த்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேர் ஏறலாம் என்பதல்ல. நீங்கள் கிறிஸ்தவர்களா என்பது. ஆமாம் என்றார் மீனவர். ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம். வள்ளம் திரும்பிப் போனது.

ஐந்து மணி நேரம் கழித்து அதே வள்ளம் அந்த வீட்டின் பக்கம் மறுபடி வந்தது. இந்த முறை உள்ளே இருந்தவர்கள் ஏறச் சம்மதித்தார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

(தொடரும்)