எளிய பக்கத்தின் வரலாறு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் மாகறல் என்னும் சிற்றூர் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. அவ்வூர்க் கோயில் வாசலில் நின்று, மூன்றாம் திருமுறையில் உள்ள மாகறல் பதிகத்தைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் புத்தகம் இல்லை, கைப்பேசிதான் இருக்கிறது. அலைவலிமையோ குறைவு. பதிகம் இரண்டு இணையதளங்களில் கிடைக்கிறது. ஒன்றில் கோபுரப் படமும் ஓடும் எழுத்துகளும் விளம்பரங்களும் நிறைந்துள்ளன. மற்றொன்றில் வெள்ளைத் தளத்தில் கறுப்பு எழுத்துகள் மட்டுமே. எது முதலில் உங்கள் கைக்கு வந்து சேரும்?

விடை உங்களுக்கே தெரியும். ஆனால் எளிமை என்றால் எதையும் குறைத்துவிடுவதா? எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது? இக்கேள்வி கணிப்பொறியோடு பிறந்ததன்று. அதன் வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

கல்லில் ஒரு பக்கம்

மாகறலிலிருந்து அதே சாலையில் மேலே சென்றால் உத்திரமேரூர் வரும். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் குடவோலை முறையின் விதிகள் பொறிக்கப்பட்டன. ஊரில் 30 குடும்புகள். உறுப்பினராக வேண்டியவருக்குச் சொந்த மனையும் வரி செலுத்தும் நிலமும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. படம் இல்லை, பூவேலை இல்லை. வரிசை வரிசையாக எழுத்துகளே. ஊர் முழுவதும் அறிய வேண்டிய செய்தியைத் தாங்கிய பொதுப் பக்கம் அது.

ஆயினும் அந்த எளிமையில் ஒரு குறை உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆகவே 'பல்' என்பதும் 'பல' என்பதும் பார்வைக்கு ஒன்றே! எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி இட வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தது. அதையும் எழுதுவோர் விட்டுவிட்டனர். 'ஏரி வாரியம்' அவ்வூர்க் குழுக்களுள் ஒன்று. ஆனால் நீர் நிறைந்த ஏரியும், பற்றி எரியும் எரியும் எழுத்தில் ஒரே வடிவம்தான். ஊராருக்குக் குழப்பம் இருந்திராது; அவர்களுக்குத் தங்கள் ஏரியைத் தெரியும். இடர்ப்பாடு, பல நூற்றாண்டு கழித்து வந்து படிப்பவருக்கே.

பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இக்குறையை நீக்க நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். 'எ'யில் ஒரு கால் கூடிற்று, 'ஏ' பிறந்தது. இங்கே சேர்த்ததே சீர்திருத்தம். இதற்கு மாறாக, 'ணா', 'றா', 'னா', 'லை' முதலியவற்றுக்கு அச்சில் தனித்தனி வடிவங்கள் வழங்கி வந்தன. அவற்றைப் பொது முறைக்குக் கொண்டுவரும் எழுத்தைப் பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கினார். 1978இல் தமிழக அரசு அம்மாற்றங்களுள் பலவற்றை ஏற்றது. வடிவங்கள் குறைந்தன, பொருள் சிறிதும் குறையவில்லை. இங்கே குறைத்ததே சீர்திருத்தம்.

பக்கத்தின் எடை

இனி இணையத்துக்கு வருவோம். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் இணையதளம் 1991இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதில் எழுத்துகளும், ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்புகளுமே இருந்தன. 1993இல் வந்த மொசைக் என்னும் உலவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. மக்கள் மகிழ்ந்தனர். பக்கங்களின் எடையும் ஏறத் தொடங்கியது.

எடையா? ஆம், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்நாளைய மோடம் ஒன்று தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 28,800 பிட்டுகளை, அதாவது 3,600 பைட்டுகளை அனுப்பும். 10,000 பைட்டு எழுத்து வந்து சேர 3 நொடி போதும். 2 லட்சம் பைட்டுப் படத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். இன்று 20 லட்சம் பைட்டுள்ள பக்கங்கள் சர்வ சாதாரணம். அத்தகைய ஒன்றை அந்த மோடத்தில் பெற 9 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்!

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிவிட்டார். ஆனால் அக்காலத்தில் பொதுவான எழுத்துக் குறியீடு வழக்கத்துக்கு வரவில்லை. ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்தைக் குறித்த எண், மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்தைக் குறித்தது. தக்க எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகளே தோன்றின. இதைத் தவிர்க்கச் சிலர் தமிழ் எழுத்துகளையே படமாக்கி வைத்தனர். பார்க்க அழகுதான், ஆனால் படத்திலுள்ள சொல்லைத் தேட முடியாது. உரக்க வாசிக்கும் மென்பொருளைக் கொண்டு படிக்கும் பார்வையற்றவருக்கு அது வெறும் மௌனம்.

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. அதன் தலைவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் வாழ்ந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். உலகளாவிய வலை பிறந்த ஜெனீவாவும் லோசானும் ஒரே ஏரிக்கரையில் உள்ள நகரங்கள்! பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதினர், பிழை திருத்தினர், யாவரும் இலவசமாகப் பெற வைத்தனர். அப்பக்கங்களில் பகட்டு இல்லை. தலைப்பு, நூல், பாடல் எண், அவ்வளவே. எழுத்து எழுத்தாகவே இருந்ததால், பின்னர் யூனிகோடு பரவியபோது அவற்றைப் புதிய குறியீட்டுக்கு மாற்ற முடிந்தது. சம்பந்தர் தேவாரமும் அங்கே உண்டு.

நெசவாளர் அறிந்த உண்மை

எளிமை அழகைக் கெடுக்குமோ என்று சிலர் ஐயுறலாம். காஞ்சிப் பட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே நிறத்தில் வெறுமையாக விரியும் உடலைக் கோர்வை போட்டு வேறு நிறக் கரையோடு இணைக்கிறார் நெசவாளர். உடல் அடங்கியிருப்பதால்தான் கரையும் முந்தானையும் கண்ணில் நிற்கின்றன. உடல், கரை, முந்தானை மூன்றும் ஒருசேரக் கூவினால் கண் எங்கே தங்கும்? வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தை வைத்து 1998இல் வந்த கூகுளும் இவ்வாறே கண்ணுக்கு ஓர் இடம் காட்டியது.

ஆக, அளவுகோல் ஒன்றே: தொலைவில் இருக்கும் வாசகர். அவருக்குத் தேவையற்ற அணியைக் குறைக்கலாம்; தேவையான புள்ளியைக் குறைக்கலாகாது. பக்கத்தை வெறுமையாக்குகிறேன் என்று தேதியையும் தலைப்பையும் வழிகாட்டும் சொற்களையும் மறைத்துவிடும் தளங்கள் இன்றும் உண்டு. அவை புள்ளி விட்ட கல்வெட்டுக்கு ஒப்பானவை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். கணிப்பொறி உலவியின் அமைப்புகளில் படங்களைக் காட்டாதிருக்கச் செய்யும் வசதி உண்டு. அதை இயக்கி, உங்கள் பள்ளியின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். தேர்வுத் தேதியும் தொலைபேசி எண்ணும் இன்னமும் தெரிகின்றனவா? தெரியாவிட்டால், மாகறலில் நிற்கும் ஒருவருக்கும் அவை தெரியாமற்போகக்கூடும்.