மருத்துவருக்கு ஆலோசனை கூறும் கணிப்பொறி

வேங்கிக்காலிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், சிகிச்சைக்கு உதவி வேண்டி மனுவோடு நிற்கும் குடும்பங்களைக் காண்பதுண்டு. புற்றுநோய் என்று தெரிந்தவுடன் வேலூருக்கா, சென்னைக்கா என்பது அவர்தம் முதற்கவலை. அறுவையா, கதிர்வீச்சா, மருந்தா, எது முன்னர், எது பின்னர் என்பது அதனினும் பெரிய கவலை. இம்முடிவில் மருத்துவருக்குத் துணையாகக் கணிப்பொறியை அழைத்த வரலாறு அரை நூற்றாண்டை நெருங்குகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் ‘மைசின்’ என்னும் நிரலை உருவாக்கினார். கிருமித் தொற்றுக்கு உரிய மருந்தைக் கூறுவதில் அது நிபுணர்களுக்கு ஈடாகத் தேறியது. ஆயினும் நடைமுறைக்கு வரவில்லை. அதன் வழிவந்த ‘ஆன்கோசின்’ 1981இல் அங்குள்ள புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் பயனுக்கு வந்தது. மருந்தின் அளவையும் முறையையும் மருத்துவருக்கு எடுத்துரைப்பதே அதன் பணி.

பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘வாட்சன்’ வந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் அதனைப் பயிற்றுவித்தனர். பெங்களூர் மணிப்பால் மருத்துவமனையின் 638 மார்பகப் புற்றுநோயாளர் ஏடுகளைக் கொண்டு அதனைச் சோதித்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. மருத்துவர் குழு முன்பு எடுத்திருந்த முடிவுகளோடு அதன் கருத்து நூற்றுக்கு 73 அளவே ஒத்தது. முரண்பட்டவற்றை, இயந்திரம் கூறியது இன்னதென்று அறியாமலே அக்குழு மீண்டும் ஆராய்ந்தது. அப்போது ஒற்றுமை 93 ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் மருத்துவரின் முடிவும் மாறிவிடுகிறது என்பதன்றோ இதன் பொருள்!

எனினும், கருத்து ஒத்தல் வேறு, நோய் தீர்தல் வேறு. வாட்சன் பாதுகாப்பற்ற யோசனைகளையும் கூறியதாக அதே ஆண்டு செய்தி வெளியாயிற்று. தன் மருத்துவத் தரவுத் தொழிலை ஐ.பி.எம். 2022இல் விற்றது.

நியூயார்க்கில் கற்ற பாடம் வேங்கிக்கால் உழவர் வீட்டுப் பெண்ணுக்கு முற்றும் பொருந்துமா? மருந்தின் விலை, மருத்துவமனையின் தொலைவு, துணைக்கு வர ஆளின்மை ஆகியனவும் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம் ஏழைகளிடையே பணியாற்றிப் பெற்ற அனுபவம் இங்கு மதிப்புடையது. 2012இல் அமைந்த தேசியப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு, நம் நாட்டு நிலைக்கேற்ற சிகிச்சை நெறிகளை வகுத்து வருகிறது. இயந்திரத்துக்கும் இத்தகைய நெறிகளே பாடமாதல் வேண்டும்.

குடும்பத்தினர்க்கும் ஒரு கடமையுண்டு. திசுச் சோதனை அறிக்கை முதலாக எல்லா ஏடுகளையும் பத்திரப்படுத்துக. ஏட்டில் இல்லாததை மருத்துவர் கேட்டறிய முடியும். கணிப்பொறியோ, கொடுத்ததை மட்டுமே அறியும். அது கூறும் யோசனைக்குக் காரணம் என்னவென்று மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். அதற்கு விடை கூறும் பொறுப்பு என்றும் மருத்துவருடையதே.