மரக்காலும் மறுமணமும்

போர்க்களத்தில் பெற்ற புண்ணை விழுப்புண் எனப் போற்றியது நம் தமிழ் மரபு. ஆயினும் புகழ் வேறு, வாழ்வு வேறு. புண்பட்டு மீண்ட வீரனின் எஞ்சிய நாட்களை வரலாறு எட்டிப் பார்ப்பது அரிது. பார்க்க நேர்ந்து அங்கே ஒரு பெண்ணைக் கண்டுவிட்டாலோ, அவ்வீரனின் தளர்ச்சிக்கு அவளே காரணம் என்று எழுதிவிடுவதும் உண்டு. அத்தகைய பழியைச் சுமந்த ஒரு கைம்பெண்ணின் கதையை இங்கே எடுத்து நோக்குவோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தென்மாநிலக் கூட்டமைப்பின் பக்கம் நின்று போரிட்ட படைத்தலைவருள் ஒருவர் ரிச்சர்டு யூவெல். 1817இல் பிறந்தவர், வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் பயின்று 1840இல் வெளிவந்தவர். அவர் இளமையிலேயே மனத்தைப் பறிகொடுத்தது லிசிங்கா காம்பெல் என்ற பெண்ணிடம். லிசிங்காவின் தந்தை ரஷ்யாவில் அமெரிக்கத் தூதராக இருந்தார்; மகள் அங்கே 1820இல் பிறந்தாள். அந்நாட்டுப் பேரரசியின் பெயரை ஒட்டியே அவளுக்குப் பெயரிட்டனர். இருவரின் அன்னையரும் உடன்பிறந்த சகோதரியர். நம் முறைப்படி இவர்கள் அண்ணன் தங்கை ஆவர். அந்நாட்டு வழக்கில் அது திருமணத்திற்குத் தடையன்று.

எனினும் லிசிங்கா 1839இல் ஜேம்ஸ் பெர்சி பிரௌன் என்ற பண்ணையாரை மணந்தார். யூவெல் குதிரைப்படையில் சேர்ந்து மேற்கு எல்லைக்குச் சென்றார், மணமே செய்துகொள்ளவில்லை. 1844இல் பிரௌன் இறக்க, இருபத்து நான்கு வயதில் லிசிங்கா கைம்பெண்ணானார். பரந்த நிலங்களும் பெருஞ்செல்வமும் அவர் கையில் இருந்தன. அச்செல்வம் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. யூவெல் வாளெடுத்ததும் அவ்வடிமை முறையைக் காத்து நின்ற தரப்புக்காகவே. இதனை மறைத்துவிட்டுக் காதலை மட்டும் பாடுவது வரலாறு ஆகாது.

பத்தொன்பது ஆண்டுகள் லிசிங்கா மறுமணம் செய்யவில்லை. அதனைத் துயரம் ஒன்றாலேயே விளக்கிவிட இயலாது. அக்கால ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் வழி, மணமான பெண்ணின் உடைமை பெரும்பாலும் கணவனின் ஆளுகைக்குள் சென்றுவிடும். கைம்பெண்ணோ தன் உடைமைக்குத் தானே தலைவி. ஆகவே மறுமணம் என்பது அவருக்கு ஓர் அடைக்கலம் அன்று. இழப்பை அறிந்தே எடுக்க வேண்டிய முடிவு.

1862 ஆகஸ்டு 28ஆம் நாள் வர்ஜீனியாவில் நிகழ்ந்த போரில் யூவெலின் முழங்காலைக் குண்டு துளைத்தது. மறுநாள் மருத்துவர் காலைத் துண்டித்தனர். உற்றார் இல்லத்தில் கிடந்த அவரைப் பேண லிசிங்கா வந்தார். போரின் தொடக்கத்திலேயே மீண்டும் தளிர்த்திருந்த பழைய அன்பு, அந்நோய்ப் படுக்கையின் அருகே உறுதி பெற்றது. 1863 மே மாதம் ரிச்சமண்டு நகரில் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு அகவை நாற்பத்தாறு. மணமகளுக்கு நாற்பத்து மூன்று. அதே மாதத்தில்தான் ஸ்டோன்வால் ஜாக்சன் மறைந்ததால், அவருடைய படைப்பிரிவின் தலைமை யூவெலிடம் வந்தது.

இதற்குப் பின்னரே பழி பிறக்கிறது. 1863 ஜூலை முதல் நாள், கெட்டிஸ்பர்க் போரில், இயலுமாயின் குன்றைக் கைப்பற்றுக என்று தலைமைத் தளபதி ராபர்ட் லீ ஆணையிட்டார். யூவெல் தாக்கவில்லை, போரில் தென்படை தோற்றது. மரக்காலோடு அவர் வீரமும் மரத்துவிட்டது என்றனர் சிலர்; மனைவியின் சொற்கேட்டு மாறிவிட்டார் என்றனர் வேறு சிலர். நம் நாட்டில் 1856ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண் மறுமணத்திற்கு இசைவளித்த பின்னும் ஊர்வாய் அடங்கவில்லை. சட்டத்தடை ஏதுமில்லாத அந்நாட்டிலும் ஊர்வாய் அடங்கவில்லை என்பதைக் காண்கிறோம்.

பழியைச் சான்றுகொண்டு எடையிட்டுப் பார்ப்போம். மணம் முடிந்து மூன்று வாரங்களுக்குள், 1863 ஜூன் நடுவில், வின்செஸ்டர் நகரில் யூவெல் பெற்ற வெற்றி சிறிதன்று. ஏறத்தாழ 4000 பகைவீரரைச் சிறைப்பிடித்தார். பீரங்கிகள் பலவற்றைக் கைப்பற்றினார். காலும் அதே மரக்கால். மனைவியும் அதே மனைவி. கெட்டிஸ்பர்க்கின் தெருவில் குண்டொன்று மரக்காலைத் தாக்கியபோது, மரக்காலில் அடிபட்டால் வலிப்பதில்லை என்று அவர் நகைத்ததாக உடனிருந்த ஜான் கார்டன் தம் நினைவுகளில் எழுதியுள்ளார். உள்ளம் தளர்ந்தவர் பேச்சா இது? அன்றைய தயக்கத்திற்குக் காரணங்கள் களத்திலேயே இருந்தன. களைத்த படை, வந்து சேராத துணைப்படை, முழுப் போரைத் தவிர்க்க வேண்டும் என்ற லீயின் எச்சரிக்கை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, இல்லத்தில் இருந்த பெண்ணைக் குற்றவாளியாக்குவது நேர்மையாகாது.

1865 ஏப்ரல் 6ஆம் நாள் யூவெல் சிறைப்பட்டார். பாஸ்டன் துறைமுகத்தின் வாரன் கோட்டையில் ஜூலை வரை இருந்தார். அப்போது அவர் விடுதலைக்காகக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனிடம் விண்ணப்பித்துப் போராடியவர் லிசிங்காவே. போர்க்காலத்தில் டென்னசியின் இராணுவ ஆளுநராக இருந்தபோது, நாஷ்வில் நகரில் லிசிங்காவின் வீட்டிலேயே ஜான்சன் குடியிருந்தார் என்பது காலத்தின் விந்தை. தம் வீட்டைக் கைக்கொண்டவரிடமே கணவனுக்காக வேண்டி நிற்கும் நிலை அவருக்கு வந்தது.

விடுதலைக்குப் பின் டென்னசியின் ஸ்பிரிங் ஹில் பண்ணையில் இருவரும் அமைதியாக வாழ்ந்தனர். 1872 சனவரியில் காய்ச்சல் இருவரையும் ஒருங்கே பற்றியது. 22ஆம் நாள் லிசிங்கா மறைந்தார். 25ஆம் நாள் யூவெல் மறைந்தார். நாஷ்வில் நகரின் பழைய இடுகாட்டில் இருவரும் துயில்கின்றனர்.

யூவெல் தம் மனைவியைப் பிறர்க்கு அறிமுகம் செய்யும்போது ‘என் மனைவி, திருமதி பிரௌன்’ என்று கூறிவிடுவாராம். கேட்டோர் நகைத்தனர், வரலாற்று நூல்களும் நகைத்தன. நமக்கு நகை எழவில்லை. பிறன் மனைவியாயிருந்த காலத்திலும், பின் கைம்பெண்ணாயிருந்த காலத்திலும், இருபத்து நான்கு ஆண்டுகள் மதிப்புடன் அப்பெயராலேயே எண்ணிப் பழகிய நாவின் பிழை அது. அப்பிழைக்குள் ஒரு நெடிய காத்திருப்பு இருக்கிறது. அவரது தளர்ச்சிக்குக் காரணம் தேடியோர், அவர் எழுந்து நின்றதற்குத் துணை யார் என்று தேடியிருந்தால், அப்பெண்ணின்மேல் பழி ஏறியிராது.