டெக்கான் விருது

மலாயில் ‘அனுகெரா டெக்கான்’. மலேசியாவின் லாபு, ரந்தாவ், சுவா பெத்தோங் தோட்டத்துப் பிள்ளைகள் பேச்சில் டெக்கான் விருது, இல்லையென்றால் டீன் லிஸ்ட். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துச் சராசரிப் புள்ளி பொதுவாக 3.50ஐ எட்டினால் கிடைக்கும். எல்லை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பருவந்தோறும் கணக்கிடுவதால், நீலாய்க்கோ கோலா பிலாவுக்கோ படிக்கப்போன முதலாமாண்டுப் பிள்ளையும் வாங்கிவிடலாம். அமெரிக்காவில் இப்படிச் சிறந்து தேறும் முதலாமாண்டினருக்கென்றே சங்கம் உண்டு: 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஃபை ஈட்டா சிக்மா. மறு ஆண்டே அங்கு பெண்களுக்காக ஆல்ஃபா லாம்டா டெல்டா.

டெக்கான் என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘டெக்கெம்’ என்றால் பத்து. ‘டெக்கானுஸ்’ பத்துப் பேருக்குத் தலைவன். முதலில் ரோமப் படையில் பத்து வீரருக்கு, பிறகு மடத்தில் பத்துத் துறவியருக்கு, கடைசியில் பல்கலைக்கழகப் புலத்துக்கு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போனபோது நடுவிலிருந்த ககரம் தேய்ந்து ‘டீன்’ ஆயிற்று. மலாயில் அது அப்படியே நிற்கிறது.

ஆள் எண்ணி மேய்த்த தலைவன் தோட்டத்துக்குப் புதியவனல்ல. கங்காணி, கண்காணி என்பதன் திரிபு. மண்டோர், ஏவுபவனைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து மலாய்க்கு வந்தது. அவர்கள் பட்டியலில் பெயர் ஏறினால் பேர் போட்ட நாளுக்குக் கூலி, அவ்வளவே.

தமிழில் டீனுக்குப் புலமுதன்மையர் என்பது தெளிவு. இலங்கையில் பீடாதிபதி என்பார்கள்; மடாதிபதி போலக் காதில் விழுந்தாலும், லத்தீன் வேரைப் பார்த்தால் அதுவும் பொருந்தும்.