நாய் பிஸ்கட்டின் வரலாறும் எங்கட கரையும்

கடையில் பக்கற்றில் விற்கும் நாய் பிஸ்கட்டுக்கு வயது நூற்று அறுபதுக்குச் சற்று மேல்தான். 1860 அளவில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் கோதுமை, காய்கறி, இறைச்சி சேர்த்துச் சுட்டு விற்றார். துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய கப்பல் பிஸ்கட்டை நாய்கள் தின்றதைப் பார்த்து வந்த யோசனையாம். வாங்கியவர்கள் வேட்டை நாய் வளர்த்த சீமான்கள்.

ஆக, அது பிறந்ததே மனிதர் வீசிய மீதியிலிருந்துதான். கல்முனைக் கரையிலும் அதே கதை: கரைவலை இழுக்கும் மாதங்களில் நாய்க்குச் சூடை மீன், பெரும்போக அறுவடை முடிந்தால் மிஞ்சிய சோறு.

"நாய்க்குப் போய் பலகாரமா?" என்று ஊரில் சிரிப்பாங்க. ஆனா, தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். குகைவாசிகளோடு இருந்த நாயைக் குர்ஆனும் சொல்கிறது. நாய் வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவும் சட்டம் வேறு, பசித்த உயிருக்குக் கொடுப்பது வேறு.

அரிசி மா, அவித்து மசித்த பூசணி, முள் நீக்கி அவித்த மீன். பூசணி இல்லாத காலத்தில் வத்தாளங்கிழங்கு. உப்பு வேண்டாம், வெங்காயம் கூடவே கூடாது, அது நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். மெல்லிசாகத் தட்டி, அவணில் மொறுமொறுப்பாகச் சுட்டால் சரி.

ஸ்ப்ராட் சீமான்களுக்கு விற்றார். எங்கட தெருநாய்க்காகக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை; நாமதான் சுடணும்.