வண்டியின் மேல்தோல்

எங்கள் பக்கத்தில் புது கார் எடுத்தால் முதல் பயணம் திருத்தணிக்குத்தான். மலைப்பாதையில் ஏறிப் போய் முருகன் சந்நிதியில் பூசை போடுவார்கள். பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுப்பார்கள். அதற்கு முன்பே ஷோரூமில் இன்னொரு காப்பு விற்றாகியிருக்கும். செராமிக் கோட்டிங், பெயின்ட் புரொடெக்‌ஷன், அடிப்பகுதிக்கு ஆன்ட்டி-ரஸ்ட் என்று பில்லில் தனி வரியாக ஏறியிருக்கும்.

பள்ளிப்பட்டில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நகரி, புத்தூர் பக்கமிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வருகிறவர்களும், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, அந்தக் காசுக்கு அது தகுமா?” வண்டிக்கு வர்ணம் வந்த கதை தெரிந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். அதனால் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ஸன் நிறுவனம் ஒரு காலத்தில் குதிரை வண்டிகளைக் கட்டியது. அந்தக் காலத்துக் கோச்சு வண்டிகளுக்கு எண்ணெய் வர்ணத்தைத் தூரிகையால் பூசுவார்கள். ஒரு பூச்சு காய வேண்டும், தேய்க்க வேண்டும், அடுத்த பூச்சு ஏற வேண்டும். கடைசியில் வார்னிஷ். ஒரு வண்டி முடிய வாரக்கணக்காகும். வெயிலையும் மழையையும் தாங்கியது மேலே இருந்த அந்த வார்னிஷ்தான். அதே சிம்ஸன் பட்டறையில்தான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். உலகெங்கும் தொடக்ககாலக் கார்களின் உடல் கோச்சுக்காரர்களின் கைவேலைதான். வர்ணமும் அவர்கள் வழக்கப்படியே.

1923-இல் அமெரிக்காவில் ஓக்லண்ட் கார்களுக்கு டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ வர்ணம் வந்தது. நைட்ரோசெல்லுலோஸ் சேர்ந்த அந்த லாக்கர், நாள்கணக்கில் காய்ந்ததை மணிக்கணக்கில் காயவைத்தது. அடுப்பு வேண்டாம், காற்றிலேயே காயும். ஒரு கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இருந்தால் மரத்தடியிலும் காருக்கு வர்ணம் அடிக்கலாம் என்றானது. என் தொழில் பிறந்தது அங்கேதான். நம் ஊர்ப் பட்டறைகளில் அந்த வகை வர்ணத்துக்கு இன்றும் டூகோ என்றுதான் பெயர்.

1960 ஏப்ரல் 1 அன்று எங்கள் வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா தொழில் கற்கச் சென்னைக்குப் போனார். புதுப்பேட்டைப் பட்டறைகளில் அவர் கைபட்டவை அம்பாசிடரும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும். அந்த வண்டிகளில் வர்ணமே மேல்தோல், அதற்கு மேல் வேறொன்றும் கிடையாது. வெயில் பட்டுப்பட்டு வர்ணம் வெளுத்துச் சுண்ணாம்பு போலாகும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் செத்த தோல் உரிந்து அடியில் இருக்கும் நிறம் தெரியும். பச்சை வண்டியைத் தேய்த்தால் துணி பச்சையாகும். தறிப் பட்டறைகளில் மிஞ்சும் வேஸ்ட் நூலை மூட்டையாக வாங்கி வைத்திருப்பார் அப்பா. ஒரு வண்டிக்கு எவ்வளவு நூல் செலவானது என்பதை வைத்தே வர்ணத்தின் நிலையைச் சொல்லிவிடுவார்.

தேய்த்த பிறகு மெழுகு பூசியாக வேண்டும். வண்டி மெழுகில் உயர்ந்தது கார்னவுபா. வடகிழக்குப் பிரேசிலின் ஒரு பனைவகை, வறண்ட காற்றில் தன் இலையின் ஈரம் போகாமலிருக்க மேலே சுரக்கும் மெழுகு அது. ஆனால் எவ்வளவு நல்ல மெழுகும் எங்கள் கோடைக்கு ஈடுகொடுக்காது. சித்திரை, வைகாசியில் வானிலைச் செய்தியில் அதிக வெப்பம் பதிவான ஊர்களைச் சொல்லும்போது திருத்தணி பெயர் அடிக்கடி வரும். சில வாரங்களில் மெழுகு போய்விடும், மறுபடி பூச வேண்டும். அந்தக் காலத்தில் மெழுகுக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும். அது இல்லாவிட்டால் வர்ணம் செத்துவிடும்.

1990-களில் இந்த நிலை தலைகீழானது. மறைமலை நகரில் போர்டு, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ, அதே ஆண்டில் எங்கள் மாவட்டத் தலைநகரான திருவள்ளூரிலேயே இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சர் என்று வரிசையாக வந்தன. இக்கால ஆலைகளில் கார் உடலை முழுதாகத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் துணையால் துருத் தடுப்புப் பூச்சு ஏற்றுகிறார்கள். கதவின் உட்பக்கத்திலும், கை எட்டாத மடிப்பிலும் அது போய்ச் சேரும். அதற்கு மேல் பிரைமர், நிறம், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட். ஏற்றும் கட்டங்களுக்கேற்ப அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். மொத்தம் நூறு மைக்ரானுக்குச் சற்று முன்பின் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் நாற்பது மைக்ரான் அளவு. தலைமயிரின் தடிமன்கூட இல்லாத அந்தப் படலத்தில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்கள் கலந்திருக்கின்றன. இந்த வண்டியைப் பாலிஷ் செய்தால் துணியில் நிறம் ஏறாது. அப்பா வாரக்கணக்கில் கையால் கொடுத்த காப்பு ஆலையிலேயே வர்ணத்துக்குள் வந்துவிட்டது.

காப்பு வர்ணத்துக்குள் வந்த பிறகுதான் காப்பு விற்பனை சூடுபிடித்தது. முதலில் டெஃப்ளான் கோட்டிங் என்றார்கள். டெஃப்ளான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். தோசைக்கல்லில் அதைச் சூளைச் சூட்டில் ஒட்டவைக்கலாம், கார் வர்ணத்தின் மேல் முடியுமா? வண்டியில் தெரிந்த பளபளப்பு கூடவே இருந்த மெழுகும் சிலிக்கோனும் தந்தது.

அடுத்து வந்தது செராமிக். இது பொய்யான சரக்கு இல்லை. சிலிக்கா சார்ந்த திரவம் கிளியர் கோட்டின் மேல் இறுகிப் பிடிக்கிறது. மெழுகைவிடப் பல மடங்கு காலம் நிற்கும். தண்ணீர் உருண்டோடும், புழுதி சீக்கிரம் கழுவப்படும், பறவை எச்சம் உடனே அரித்துவிடாது. ஆனால் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். 9எச் என்று சொல்வது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. லாரிச் சக்கரம் தெறிக்கும் ஜல்லியை அது தடுக்காது. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை அதன் மேலும் படியும்.

கல்லைத் தாங்குவது பி.பி.எஃப். என்கிற ஒட்டுப்படலம் ஒன்றுதான். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் காக்க அமெரிக்கப் படைக்காக உருவான பாலியூரித்தேன் படலத்தின் வழிவந்தது இது. 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன். வண்டி முழுக்க ஒட்டினால் செலவு எளிதாக லட்சத்தைத் தொடும்.

ஆகவே, கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடிப்பகுதி ஆன்ட்டி-ரஸ்ட் இங்கே வேண்டாம். கடல் உப்புக்காற்று எட்டாத ஊர் நம்முடையது, ஆலையே தொட்டியில் அமிழ்த்தி அனுப்பியிருக்கிறது. அவசரமாக அடிக்கும் பூச்சு, தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்தால் துரு வரத்தான் வழி. சென்னை–திருப்பதி சாலையில் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓடுகிற வண்டிக்கு முன் பம்பருக்கும் பானெட்டுக்கும் மட்டும் படலம் ஒட்டுவது காசுக்குத் தகும். செராமிக், கழுவும் வேலையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு. அதையும் டெலிவரி அவசரத்தில் போடக் கூடாது. யார்டில் துடைத்துத் துடைத்துப் புது வண்டியிலேயே மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும். அவற்றைப் பாலிஷ் செய்து எடுக்காமல் மேலே பூசினால், கீறலைத்தான் பத்திரப்படுத்துகிறோம்.

என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் வர்ணத்தை மிகுதியும் கெடுத்திருப்பது வெயில் இல்லை, காலையில் புழுதியோடு காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம்தான். மலையில் வைத்த சந்தனம் குங்குமத்தையும் வறட்டுத் துணியால் தேய்க்காதீர்கள், முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். இரண்டு வாளி, ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி, நிழலில் அரை மணி நேரம். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன பொருள்? எத்தனை மைக்ரான்? வாரண்டியில் எதெல்லாம் சேராது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுப்பவரிடம் வாங்குங்கள். கொடுக்காதவரிடம் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.