நீராவிக் கப்பலும் காஞ்சித் தறியும்

காஞ்சிபுரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று பட்டு. கடல் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தபோது, நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, காஞ்சிபுரத்து அரசனைப் பாடும் நூலில் கப்பலும் துறைமுகமும் எதற்கு?" என்று கேட்டார். கேள்வி எளியது. விடை சொல்லத் தொடங்கியபோதுதான், அது சங்க காலத்தோடு முடிகிற விடையன்று என்பது எனக்கே புலப்பட்டது.

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. பரிசில் பெற்ற பாணன், பெறப்போகும் பாணனுக்கு வழி சொல்லும்போது நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தைக் கடந்து செல்லச் சொல்கிறான். அங்கே மரக்கலங்கள் குதிரைகளையும் வடதிசைப் பொருள்களையும் கொண்டுவந்து இறக்குகின்றன. இரவில் கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கு எரிகிறது. அப்பட்டினம் மாமல்லபுரமே என்பாரும், அதன் அருகிலுள்ள வேறிடம் என்பாரும் உளர். எதுவாயினும், காஞ்சியைப் பாடப் புகுந்த புலவருக்குக் கடற்கரையைத் தவிர்க்க இயலவில்லை. ஊருக்கும் கடலுக்கும் இடையே இரண்டு நாள் மாட்டுவண்டித் தொலைவு இருந்தது. ஆனாலும் ஊரின் முகம் கடலை நோக்கியிருந்தது.

இந்த நிலை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். காஞ்சியைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் கைக்கோளரும் சாலியரும் பிற நெசவுக் குடியினரும் நெய்தது பெரும்பாலும் பருத்தி. அப்பருத்தித் துணிக்காகத்தான் ஐரோப்பியர் சோழமண்டலக் கரைக்கு வந்தனர். டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டினர். 1639இல் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றதற்கும், இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்ற கணக்கே முதன்மைக் காரணம். துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையைக் கடந்து துணி மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். துணி நன்றாயிருந்ததால் துறையின் குறையைக் கம்பெனி பொறுத்துக்கொண்டது.

நெசவாளரைத் தன் அருகிலேயே வைத்துக்கொள்ளவும் கம்பெனி முயன்றது. ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூர் அருகே எழுந்த காலெட் பேட்டை இன்று காலடிப்பேட்டை. 1734இல் உருவான சின்னத்தறிப்பேட்டை இன்று சிந்தாதிரிப்பேட்டை. காலடிப்பேட்டைக் கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. காலெட்டின் துபாஷியாக இருந்த வீரராகவர் நாள்தோறும் காஞ்சி வரதரைச் சேவித்துவிட்டு வருவாராம். அந்தப் பக்தியைக் கண்டு வியந்த ஆளுநர், இங்கேயே வரதருக்குக் கோயில் கட்ட உதவினாராம். கதை எவ்வளவு உண்மையோ, அதில் ஒரு வரலாற்று உண்மை ஒளிந்திருக்கிறது. கடற்கரைக்குத் தறி நகர்ந்தபோது, காஞ்சியின் தெய்வமும் கூடவே நகர வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் இத்துணியைக் கண்டு அஞ்சினர். 1700இலும் 1721இலும் அந்நாட்டு நாடாளுமன்றம் இந்திய அச்சுத்துணிக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. சட்டத்தால் முழுமையாக முடியாததை நீராவி முடித்துக் காட்டியது. 1785இல் பருத்தி நூற்பாலையில் நீராவி எந்திரம் முதன்முதலாகப் பூட்டப்பட்டது. அடுத்த இரண்டு தலைமுறைக்குள் வாணிகத்தின் திசையே திரும்பிவிட்டது. 1813இல் கம்பெனியின் இந்திய வாணிக ஏகபோகம் ஒழிந்தது. 1833இல் அது வாணிகத்தையே கைவிட்டது. முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிய பெருவணிகன் கடையை மூடிக்கொண்டு அரசாங்கம் மட்டுமாக எஞ்சினான். ஆனால் கல்வெட்டுகளில் தறியிறை என்று நாம் படிக்கும் வரியின் வழித்தோன்றலை மட்டும் அவன் விடவில்லை. சென்னை மாகாணத்தில் தறிமீதான வரி 1853இல்தான் நீங்கியது.

நம் பாடநூல்கள் இந்த இடத்தில், சீமைத்துணி வந்தது, நெசவு அழிந்தது என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிடுகின்றன. நடந்தது அவ்வளவு எளிதன்று. முதலில் வீழ்ந்தவன் நெசவாளி அல்லன், நூற்பவள். கைராட்டையில் நூற்று நெசவாளிக்கு விற்று வாழ்ந்த பெண்கள், அவர்களுள் கணவனை இழந்தோர் பலர், சீமைநூல் வந்ததும் பிழைப்பிழந்தனர். நெசவாளிக்கோ அந்நூல் மலிவாகவும் ஒரே சீராகவும் கிடைத்தது. அதனாலேயே அவன் மேலும் சில காலம் தாக்குப்பிடித்தான். ஆனால் பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய சிட்டத்தைப் பக்கத்து ஊரில் வாங்கியவன், இனிக் கப்பலை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. துணியை ஏற்றிப்போன கடல் இப்போது நூலைக் கொண்டுவந்து இறக்கியது. விலை வைக்கும் உரிமை கரையைக் கடந்து போய்விட்டது.

அதன் பொருள் என்னவென்பதை 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் உணர்த்தியது. அமெரிக்கப் பருத்தி நின்றதும் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை அள்ளிச் சென்றன. விளைவித்தவர்க்கும் தரகர்க்கும் அது பொற்காலம். விலையேற்றத்தில் தவித்தவன் தறிக்காரன். அந்த 1865இல்தான் காஞ்சிக்கு இரயில் வந்தது. இராயபுரத்திலிருந்து மேற்கே சென்ற பெரும்பாதையின் அரக்கோணம் நிலையத்திலிருந்து காஞ்சிபுரம் வரை, இந்தியன் டிராம்வே கம்பெனி ஒரு சிறிய இருப்புப்பாதையைப் போட்டது. அகலம் மூன்றரை அடி. பின்னாளில் தென்னிந்திய இரயில்வேயில் கலந்துவிட்ட பாதை அது. இரண்டு நாள் வண்டிப்பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஊர் கடலுக்கு மிக நெருங்கியது. ஆனால் அதற்குள் ஊரின் துணிக்குக் கடலில் இடமில்லாமல் போயிருந்தது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1856இல் தொடங்கி 1862இல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள், கரையோர வாணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தன. பருவக்காற்றை நம்பிய பாய்மரத் தோணிகள் பின்தங்கின. சென்னையில் 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பர்ப் புயல் அதன் கரங்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். அதே ஆண்டுகளில், 1876இல் பக்கிங்காம் ஆலையும் 1881இல் கர்நாடிக் ஆலையும் பெரம்பூரில் தோன்றின. இரண்டையும் தோற்றுவித்தது பின்னி நிறுவனம். மான்செஸ்டர் இப்போது இரயிலில் சில மணி நேரத் தொலைவுக்கே வந்துவிட்டது.

1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரே வாரத்துக்குள் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 22 அன்று சென்னையின் ஆர்பத்நாட் வங்கி முறிந்தது. எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு அதில் போயிற்று. அந்த அதிர்வில் பின்னி நிறுவனமும் தள்ளாடியது. அதைக் கைதூக்கி எடுத்துக்கொண்டவர் ஜேம்ஸ் மக்கே, பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு. பிரிட்டிஷ் இந்தியாக் கப்பல்களை நடத்திவந்த மக்கின்னன் மக்கன்சி நிறுவனத்தின் முதன்மைப் பங்காளி அவர். அதாவது, சென்னையின் பெரிய பஞ்சாலையும் கரையோரக் கப்பலும் ஒரே கைக்குள் வந்தன. தூத்துக்குடியிலும் நிலைமை இதுவே. கோரல் மில்லை நடத்திய ஹார்வி நிறுவனத்தாரே அங்கே பிரிட்டிஷ் இந்தியாக் கப்பலுக்கும் முகவர்கள்.

மற்றொரு செய்தி அதற்கு ஆறு நாள் முந்தையது. அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். செயலாற்றியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. கட்டணப் போட்டியில் வெள்ளையர் கம்பெனி பயணிகளை இலவசமாக ஏற்றிச் செல்லும் அளவுக்கு இறங்கியதை நாம் அறிவோம். நாம் அடிக்கடி கவனிக்கத் தவறுவது, வ.உ.சி. கப்பலோடு நிற்கவில்லை என்பதை. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். ஒன்பது நாள் போராட்டம் வெற்றி பெற்றது. மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். கப்பலும் ஆலையும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்று கண்டவர் அவர். அரசும் அவ்வாறே கண்டதால்தான் ஜூலை 7 அன்று விதித்த தண்டனை அத்தனை கொடியதாக இருந்தது. தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்த கைகள் சிறையில் செக்கிழுத்தன. கம்பெனி கலைந்தது.

தூத்துக்குடி எதிர்த்து நின்றது. காஞ்சி என்ன செய்தது? அது கடலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டது. இதை நான் பழியாகச் சொல்லவில்லை. ஆலையால் நெய்ய முடியாத ஒன்றை அது தேர்ந்தெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காஞ்சியின் தறிகள் பருத்தியிலிருந்து பட்டுக்கு மாறத் தொடங்கின. பட்டு இங்கே முன்பே இருந்ததுதான். ஊரின் முதன்மைத் தொழிலாக அது ஆனது இந்தக் காலத்தில்தான். உடலும் கரையும் வெவ்வேறு வண்ணத்தில் அமைய, மூன்று நாடாக்களைக் கையால் செலுத்தி இழையோடு இழை பூட்டுவது கோர்வை. அதற்குத் தறியில் நெசவாளியும், எதிர்ப்புறம் நாடா வாங்கித் தர இன்னொருவரும் வேண்டும். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவுக்கு அது அடங்காது. நீராவித் தறிக்கும் அடங்காது. ஆலை எங்கே வர முடியாதோ அங்கே தறி போய் ஒதுங்கியது.

ஆனால் அந்தப் புதிய பட்டும் நீராவியின் பிள்ளையே என்பதுதான் வரலாற்றின் வேடிக்கை. கச்சாப் பட்டு மைசூர்ப் பக்கத்திலிருந்து இரயிலில் வந்தது. சரிகை பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது; சூரத்துச் சரிகை அதன் இடத்தைப் பிடித்தது பின்னர். கரையோரச் சாயவேரின் சிவப்பை, 1869க்குப் பின் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் செய்து அனுப்பிய அலிசரின் சாயம் விரட்டியது. நூறாண்டுக்கு முன் மணமேடையில் அமர்ந்த ஒரு பெண்ணின் கூறைப்புடவையை இன்று விரித்துப் பார்த்தால், அதில் எத்தனையோ கடல்கள் மடிந்து கிடக்கும். அதை நாம் தொன்றுதொட்டு மாறாத மரபு என்று சொல்லிப் பூரித்துக்கொள்கிறோம்.

எல்லாத் தறிகளும் பட்டுக்கு மாறிவிடவில்லை. பருத்தி நெய்தவர்களின் துயரம் தொடர்ந்தது. காஞ்சியில் 1909இல் நெசவாளர் மரபில் பிறந்த அண்ணா, 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றது அதன் தொடர்ச்சியே. எதிரணியில் முதலமைச்சராக இருந்த இராஜாஜியும் வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். அரசியலில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரை ஒரு புள்ளியில் இணைத்தது தறிக்காரனின் பசி. தறியை வென்ற ஆலையும் நிலைக்கவில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான, 1921இன் பெரும் வேலைநிறுத்தத்தைக் கண்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. காஞ்சியில் தறியோசை இன்னும் கேட்கிறது, முன்னைவிட மெலிந்து. விசைத்தறிப் புடவைகள் காஞ்சிப் பெயரைச் சூடிக்கொண்டு கடைக்கு வருகின்றன. புவிசார் குறியீடு கிடைத்திருந்தும் அவற்றைத் தடுப்பது எளிதாக இல்லை.

அந்த மாணவருக்கு இத்தனையும் அன்று சொல்ல முடியவில்லை. சொன்னது இவ்வளவே: "தம்பி, உங்கள் ஊர் கடலைப் பார்த்திருந்த ஊர்." அவர் சற்று யோசித்துவிட்டு, "எங்கள் கொள்ளுத்தாத்தா பட்டு நெய்யவில்லையாம் ஐயா, வேட்டிதான் நெய்தாராம். வீட்டில் அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்" என்றார். பட்டு பெருமையாகவும் பருத்தி வறுமையாகவும் அந்த வீட்டில் நினைவாகியிருக்கிறது. உலகச் சந்தைக்கு நெய்த கையின் வரலாறு, மூன்று தலைமுறைக்குள் மறைக்க வேண்டிய செய்தியாகிவிட்டது. கப்பலும் ஆலையும் காஞ்சியிடமிருந்து பறித்தவற்றுள் சந்தையை ஓரளவு மீட்க முடிந்தது. இந்த நினைவை மீட்பது நம் போன்றோர் கடன்.